சாத்புரா மாங்கனீசுப் பாறைகள்: கறுப்புத் தாதும் ஆரஞ்சு கார்னெட்டும் ஒரே கல்லில் எப்படி?

சிலம்பன்

வணக்கம். நிலவியல் முதுகலை இறுதியாண்டு மாணவன். சாத்புரா மலைத்தொடரின் தென்புறத்தில் நாக்பூர், பண்டாரா, பாலாகாட், சிந்த்வாரா மாவட்டங்கள் வழியாக வில்போல் வளைந்து செல்லும் சௌசர் தொகுதி என்னும் பாறையடுக்கு வரிசையின் மாங்கனீசுப் பாறைகளை ஆய்வேட்டுக்கு எடுத்திருக்கிறேன். களத்துக்கு இனிமேல்தான் போக வேண்டும். இப்போதைக்குத் துறை அலமாரியில் கிடக்கும் பழைய மாதிரிகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மாதிரி குழப்புகிறது. உள்ளங்கை அகலக் கல். ஒரு பக்கம் விரல் தடிமனில் கறுப்புப் பட்டை, உலோக மினுக்கம், நல்ல கனம். அதை ஒட்டியே ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த பட்டை: நுண்ணிய கார்னெட் மணிகள், இடையில் குவார்ட்ஸ். கறுப்பு பிரவுனைட் என்றும் ஆரஞ்சு ஸ்பெசார்ட்டைன் என்றும் பழைய சீட்டில் எழுதியிருக்கிறது. பிரவுனைட்டில் ஏழு மாங்கனீசு அணுக்களில் ஆறு +3 நிலையில் இருக்கின்றன (எண் கூடக்கூட மாங்கனீசு ஏற்றிருக்கும் ஆக்சிஜன் கூடுதல்). ஸ்பெசார்ட்டைனில் எல்லாமே +2. இரண்டும் ஒரே கல்லில், ஒரே வெப்பத்தில், ஒரே அழுத்தத்தில் உருவானவை. அப்படியிருக்க ஒன்றில் ஆக்சிஜன் மிகுதி, மற்றொன்றில் குறைவு என்பது எப்படி?

இன்னொரு பெட்டியில் சிந்த்வாரா பக்கத்துக் கோவாரி வாதோனாவிலிருந்து வந்த ரோடோனைட் என்ற +2 மாங்கனீசுச் சிலிக்கேட் இருக்கிறது, நல்ல இளஞ்சிவப்பு. ஒரே தொகுதிக்குள் கறுப்பு, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று மாங்கனீசு மூன்று வேடம் போடுவதற்கு ஒரே காரணம் சொல்ல முடியுமா?

கரட்டுமேடு

முடியும் தம்பி. வெப்பம். மாங்கனீசு ஈராக்சைடைக் காற்றில் சூடாக்கினால் 530 டிகிரி செல்சியஸ் அருகே ஆக்சிஜனை விட்டு +3 ஆக்சைடாகிவிடும். 900 டிகிரியைத் தாண்டி இன்னும் ஏற்றினால், ஆக்சிஜன் இன்னும் குறைந்த ஆக்சைடான ஹாஸ்மனைட். உருமாற்றம் என்பதே சூடாக்குவதுதானே? குறைவாக வெந்தது கறுப்பு, அதிகமாக வெந்தது இளஞ்சிவப்பு. பாலாகாட் பக்கம் பச்சை ஷிஸ்ட் தரம் (குறைந்த வெப்பம்), மேற்கிலும் வடமேற்கிலும் சிந்த்வாராவை நோக்கிப் போகப்போக ஆம்ஃபிபோலைட் தரம் (கூடிய வெப்பம்). கோவாரி வாதோனாவில் ரோடோனைட் கிடைப்பதும் இதற்குப் பொருந்துகிறது.

பாறைநோக்கி

பொருந்துவதுபோல் தெரிகிறது, அவ்வளவுதான். சிலம்பன் காட்டிய கல்லையே எடுத்துக்கொள்வோம். விரல் தடிமன் இடைவெளியில் எந்த மலையிலும் வெப்பம் மாறாது. பட்டைக்குப் பட்டை மாறியிருப்பது வெப்பம் அல்ல, சரக்கு. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

உலையில் நடப்பதை மலைக்குள் நடப்பதாக எண்ணிக்கொள்வதில்தான் சிக்கல். உலை காற்றுக்குத் திறந்தது. விடுபட்ட ஆக்சிஜன் போய்விடும், வெளிக்காற்றின் ஆக்சிஜன் அளவோ மாறாமல் நிற்கும். புதைந்த அடுக்கு மூடி போட்ட பாத்திரம். அதற்குள் என்ன ஆக்சிஜன் இருக்கும் என்பதை அந்த அடுக்கில் உள்ள கனிமங்களே தீர்மானிக்கின்றன. டன் கணக்கில் மாங்கனீசு ஆக்சைடு கிடக்கும் அடுக்கு தன் ஆக்சிஜனை எளிதில் இழக்காது. கொஞ்சம் விடும், பக்கத்தில் வாங்கிக்கொள்ள ஆளில்லாவிட்டால் அதோடு நின்றுவிடும்.

இப்போது சரக்கு. பழைய கடலடியில் படிந்தபோது ஒரு மெல்லடுக்கில் ஏறக்குறைய மாங்கனீசு ஆக்சைடும் சிறிது சிலிக்காவும் மட்டும் இருந்தன. அது சூடானபோது பிரவுனைட் ஆனது. அடுத்த மெல்லடுக்கில் களிமண் கலந்திருந்தது. களிமண் என்றால் அலுமினியம். ஸ்பெசார்ட்டைன் பிடிவாதமான கனிமம்: அலுமினியமும் சிலிக்காவும் கிடைத்தால் ஆக்சிஜன் மிகுந்த சூழலிலும் +2 மாங்கனீசை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே பிரவுனைட்டும் ஸ்பெசார்ட்டைனும் குவார்ட்ஸும் ஒரே ஆக்சிஜன் அளவில் சமநிலையில் சேர்ந்து இருக்கலாம். முரண்பாடு எதுவும் இல்லை. சௌசரில் இந்தக் கூட்டணி எங்கும் பரவிக் கிடக்கிறது.

ரோடோனைட்டுக்கு அந்தப் பிடி கிடையாது. பிரவுனைட்டும் குவார்ட்ஸும் சேர்ந்து ரோடோனைட் ஆக வேண்டுமானால் ஆக்சிஜன் வெளியேறியே தீர வேண்டும். உங்கள் கல்லில் கறுப்புப் பட்டைக்குள் குவார்ட்ஸ் மணிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிரவுனைட்டும் குவார்ட்ஸும் தொட்டுக்கொண்டிருந்து, இடையில் இளஞ்சிவப்பு விளிம்பு இல்லை என்றால், அந்த அடுக்கு கடைசி வரை ஆக்சிஜனைக் கைவிடவில்லை என்று பொருள். எத்தனை டிகிரிக்குச் சூடானது என்பது வேறு கேள்வி.

சிலம்பன்

இருக்கின்றன ஐயா. கைலென்சில் பார்த்தேன். கறுப்புக்குள் குவார்ட்ஸ் துளிகள், விளிம்பு ஏதும் தெரியவில்லை. அப்படியானால் கோவாரி வாதோனாவின் இளஞ்சிவப்பு எங்கிருந்து வந்தது?

பாறைநோக்கி

பெரும்பாலும் கார்பனேட்டிலிருந்து. கடலடிச் சேற்றில் உயிர்ப்பொருள் இருந்தால், பாறையாக இறுகும் முன்பே அது மாங்கனீசு ஆக்சைடின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மாங்கனீசு +2 ஆகி ரோடோக்ரோசைட் என்ற மாங்கனீசுக் கார்பனேட்டாகவோ கால்சியம் கலந்த கார்பனேட்டாகவோ படியும். பிறகு மலையெழும்போது ரோடோக்ரோசைட்டும் குவார்ட்ஸும் வினைபுரிந்து ரோடோனைட்டோ அதன் நெருங்கிய உறவான பைராக்ஸ்மாங்கைட்டோ உண்டாகும், கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். குவார்ட்ஸ் போதாவிட்டால், சிலிக்கா குறைந்த டெஃப்ராய்ட். ஆக, இளஞ்சிவப்புக்கான முடிவு மலை எழுவதற்கு வெகு காலம் முன்பே, குளிர்ந்த சேற்றிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. வெப்பம் அதை நிறைவேற்றி வைத்தது.

ஒரு எச்சரிக்கை. கார்பனேட் என்றாலே ஆக்சிஜன் குறைவு என்று எண்ணிவிட வேண்டாம். சௌசரின் லோஹாங்கி சலவைக்கற்களில் பீமான்டைட் கிடைக்கிறது. அது +3 மாங்கனீசு ஏறிய எபிடோட் வகைச் சிலிக்கேட். சுற்றிலும் கால்சைட், நடுவில் ஒயின் சிவப்பில் +3 மாங்கனீசு! கார்பன் டை ஆக்சைடு ஆக்சிஜனைப் பறிக்காது. பறிப்பது கரியும் உயிர்ப்பொருளும்தான்.

வேதிக்காரி

பள்ளியில் வேதியியல் நடத்துபவள். நிறம் பற்றிப் பேசுவதால் நானும் உள்ளே வருகிறேன்.

+2 மாங்கனீசில் ஐந்து டி-எலக்ட்ரான்களும் ஆளுக்கொரு இடமாக, ஒரே சுழற்சித் திசையில் உட்கார்ந்திருக்கும். ஒளியை உறிஞ்சி மேலே போக வேண்டுமானால் ஒன்று தன் சுழற்சியைத் திருப்பியாக வேண்டும். விதிப்படி அதற்கு அனுமதி இல்லை, மிக அரிதாகத்தான் நடக்கும். அதனால்தான் +2 சேர்மங்கள் எல்லாம் வெளிறிய நிறம்: இளஞ்சிவப்பு, மங்கிய மஞ்சள். +3-க்கு அந்தத் தடை இல்லை, நிறம் அடர்ந்து வரும். +2, +3, +4 என்று பலவும் ஒரே ஆக்சைடில் நெருங்கி இருந்தால் ஒளி முழுவதும் விழுங்கப்பட்டுக் கல் கறுப்பாகிவிடும்.

நம்பாதவர்கள் பழைய போராக்ஸ் மணிச் சோதனையைச் செய்து பார்க்கலாம். பிளாட்டினக் கம்பி வளையத்தில் போராக்ஸை உருக்கி, மாங்கனீசுத் தூளை மிகச் சிறிதளவு தொட்டு, சுடரின் வெளிப்பகுதியில் காட்டினால் மணி ஊதாவாகும். அதே மணியைச் சுடரின் உட்பகுதிக்கு, அதாவது ஆக்சிஜன் குறைந்த இடத்துக்கு நகர்த்தினால் நிறம் வடிந்து தெளிந்துவிடும். திரும்ப வெளியே கொண்டுவந்தால் ஊதா திரும்பும். பொருள் மாறவில்லை. மாறியது ஆக்சிஜன்தான்.

கரட்டுமேடு

அழகான சோதனை. மறுக்கவில்லை. ஆனால் உருமாற்றத் தரத்துக்கு வேலையே இல்லை என்பதுபோலப் போகிறது பேச்சு. அப்படியானால் தரம் ஏற ஏறத் தாதுக் கனிமங்களின் பட்டியல் மாறுவது ஏன்? ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் சுப்ரியா ராய் பல ஆண்டுகள் உழைத்துக் காட்டியது அதைத்தானே?

இன்னொன்று. புதைவு ஆழமாகிவிட்டால், எத்தனை ஆக்சிஜன் இருந்தாலும் +3 தாக்குப்பிடிக்கும் என்று சொல்வது எனக்குச் செரிக்கவில்லை.

பாறைநோக்கி

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதற்கு ஆல்ப்ஸ் மலையே பதில் சொல்லிவிடுகிறது.

இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் சான் மார்செலுக்கு மேலே பிராபோர்னா என்ற பழைய மாங்கனீசுச் சுரங்கம் இருக்கிறது. ஜுராசிக் காலக் கடலடியின் சிலிக்காச் சேறு அது. கண்டங்கள் மோதும் முன் கடல்தளத்தோடு சேர்ந்து கீழே இழுக்கப்பட்டு, எக்லோகைட் தரம் (மிகக் கடும் அழுத்தம்) வரை போய் மேலே வந்தது. சௌசர் பாறைகள் எதுவும் பார்க்காத அழுத்தம். அங்கே என்ன இருக்கிறது? பிரவுனைட், பீமான்டைட், வயலான் என்று பெயர் பெற்ற நீல-ஊதா டயாப்சைடு, அலர்ஜைட் என்ற செந்நிற மைக்கா. +3 மாங்கனீசின் திருவிழா. பீமான்டைட்டை ஸ்வீடனின் குரோன்ஸ்டெட் 1758-லேயே அந்த இடத்திலிருந்து விவரித்திருக்கிறார். ஆழம் ஆக்சிஜனைத் துடைத்துவிடும் என்றால் அந்தக் கனிமம் இன்று நம் கையில் இருக்காது.

இப்போது அதே ஆல்ப்ஸின் இன்னொரு மூலை. சுவிட்சர்லாந்தின் கிரௌபுண்டன் மாநிலத்தில் ஓபர்ஹால்ப்ஸ்டைன் பள்ளத்தாக்கை ஒட்டிய ஃபலோட்டா, பார்செட்டென்ஸ். அதே வகைக் கடலடிச் சேறு, ஆனால் மிகக் குறைந்த உருமாற்றம். அங்கே பிரவுனைட்டோடு கூடவே +2 மாங்கனீசுச் சிலிக்கேட்டுகள் நரம்பு நரம்பாக ஓடுகின்றன. டின்செனைட், பார்செட்டென்சைட், சுர்சாசைட் மூன்றும் 1920-களில் அந்த வட்டாரத்திலிருந்துதான் அறிமுகமாயின. குறைவாக வெந்த இடத்தில் +2, கடுமையாக நசுங்கிய இடத்தில் +3. உங்கள் விதிப்படி இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். தரத்துக்கு வேலை நிச்சயம் உண்டு. சௌசரில் பிரவுனைட் எல்லாத் தரத்திலும் இருக்கிறது, அதை வைத்து வெப்பம் சொல்ல முடியாது. தரம் ஏறும்போது பிக்ஸ்பியைட், ஹாலண்டைட், ஜேக்கப்சைட், ஹாஸ்மனைட் என்று மாங்கனீசு ஆக்சைடுகளின் கூட்டம் பெருகுகிறது. மணிகள் பெரிதாகின்றன, பிக்ஸ்பியைட் இரும்பைக் கூடுதலாக ஏற்றுக்கொள்கிறது. ராய் காட்டியது இந்த மாற்றத்தை. அதை நிறத்துக்கான விளக்கமாக நீட்டக் கூடாது என்பதுதான் என் வழக்கு.

தரத்தின் கைரேகையைப் பார்க்க வேண்டுமானால் வ்ரெடன்பர்கைட்டைப் பாருங்கள். நாக்பூர் அருகே பேல்டோங்ரியில் கிடைக்கும், காந்தத்தை வலுவாக இழுக்கும் கல். இதைத் தனிக் கனிமம் என்று ஒருகாலத்தில் பெயர் சூட்டினார்கள். மெருகேற்றி ஒளி எதிரொளிக்கும் நுண்ணோக்கியில் வைத்தால் குட்டு உடைந்துவிடும்: ஜேக்கப்சைட்டும் ஹாஸ்மனைட்டும் தகடு தகடாக, குறிப்பிட்ட திசைகளில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கும். சூடாக இருந்தபோது ஒரே படிகம், ஆறும்போது இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அந்தத் தகடுகளில்தான் வெப்பத்தின் கதை இருக்கிறது.

கரட்டுமேடு

ஆல்ப்ஸ் உதாரணத்தை ஏற்கிறேன். ஆனால் பிராபோர்னா சிறிய வில்லை. அதைச் சுற்றியுள்ள பாறைகள் அத்தனை ஆக்சிஜன் கொண்டவை அல்ல. விளிம்பில் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை பெறும்.

பாறைநோக்கி

சரியான இடத்தைத் தொட்டீர்கள். விளிம்பில் ஆக்சிஜன் வெளியே கசிகிறது, +2 கனிமங்கள் தலைகாட்டுகின்றன. அங்கும் தீர்மானிப்பது எல்லைக்கு அப்புறம் இருக்கும் பாறை எது என்பதுதான். சிலம்பன், களத்துக்குப் போனால் தாது அடுக்கின் நடுவை மட்டும் உடைத்து எடுத்துக்கொண்டு வராதீர்கள். பக்கத்து மைக்கா ஷிஸ்ட் தொடும் கோடு இரண்டு புறமும் வரும்படி மாதிரி எடுங்கள். எல்லாரும் நடுவைத்தான் எடுக்கிறார்கள்.

சுரங்க விளக்கு

அந்த மண்டலத்தில் சுரங்கப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆய்வுப் பேச்சு நடக்கும் இடத்தில் தாதுப் பேச்சும் கொஞ்சம் இருக்கட்டும்.

கோண்டைட் (ஸ்பெசார்ட்டைனும் குவார்ட்ஸும் சேர்ந்த பாறையை அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வோம்) வெளியில் கிடந்தால் ஏமாற்றும். மழையும் வெயிலும் பட்டு மேலே கறுப்புத் தோல் போர்த்திக்கொள்ளும். புதிதாக வந்தவர்கள் தாது என்று ஓடிப்போய் எடுப்பார்கள். சுத்தியலால் ஒரு தட்டு, உள்ளே ஆரஞ்சு. தாது பிரிக்கும் பெண்கள் தட்டவே மாட்டார்கள், கையில் தூக்கிப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்கள். பிரவுனைட்டின் அடர்த்தி 4.8 அருகில். ஸ்பெசார்ட்டைன் 4.2 என்றாலும் அதோடு 2.65 அடர்த்தியுள்ள குவார்ட்ஸ் கலந்திருப்பதால் மொத்தக் கல் லேசாகிவிடும். அந்த வித்தியாசம் பழகிய கைக்கு உடனே தெரியும்.

ஸ்பெசார்ட்டைனில் கணக்குப்படி மாங்கனீசு 33 சதவீதம் இருக்கிறது. காகிதத்தில் மோசமில்லை. ஆனால் அது சிலிக்கேட்டுக்குள் பூட்டிக் கிடக்கிறது, பக்கத்தில் குவார்ட்ஸ் வேறு. ஆகவே கழிவுக் குவியலுக்குப் போகும்.

பிரவுனைட்டும் முழுச் சாது அல்ல. அதன் படிகத்துக்குள்ளேயே 10 சதவீதம் சிலிக்கா இருக்கிறது. ஒட்டிக்கொண்டிருக்கும் குவார்ட்ஸைக் கழுவலாம், பிரிக்கலாம். படிகத்துக்குள் இருப்பதை என்ன செய்வது? வாங்குபவர் சிலிக்கா கூடுதல் என்று புலம்புவார், நாம் தலையை ஆட்ட வேண்டியதுதான்.

மேலும் ஒன்று. ஆழத்தில் பிரவுனைட் இருக்கும் அதே அடுக்கு, மேற்பரப்புக்கு அருகில் +4 ஆக்சைடுகளான பைரோலுசைட்டாகவும் கிரிப்டோமெலேனாகவும் மாறியிருக்கும். இது மலையெழுச்சிக்குப் பல கோடி ஆண்டுகள் கழித்து மழைநீர் செய்த வேலை. பண்டாரா மாவட்டத்து டோங்ரி புசுர்க் திறந்தவெளிச் சுரங்கத்திலிருந்து உலர் மின்கலத்துக்குப் போகும் ஈராக்சைடுத் தாது வருகிறது. பாலாகாட்டிலோ ஆசியாவிலேயே மிக ஆழமான நிலத்தடி மாங்கனீசுச் சுரங்கம் ஓடுகிறது. அங்கே கீழே இறங்கினால்தான் மழைநீர் தொடாத, அசல் உருமாற்றத் தாதுவைப் பார்க்கலாம். அருங்காட்சியகப் பெட்டியில் பழைய காலத்து மாதிரிகள் என்றால் பெரும்பாலும் மேல்மட்டத்தில் எடுத்தவையாக இருக்கும். கறுப்பாக இருப்பதெல்லாம் பிரவுனைட் என்று சீட்டை நம்பி எழுதிவிடாதீர்கள்.

சிலம்பன்

மிக்க நன்றி ஐயா. இது எனக்குத் தோன்றவே இல்லை. கைமாதிரியில் பிரித்தறிய வழி உண்டா?

சுரங்க விளக்கு

மெருகு போடாத பீங்கான் ஓட்டில் உரசுங்கள். பைரோலுசைட் கரிக்கோடு போடும், பொடிந்த வகை விரலிலும் ஒட்டும். பிரவுனைட் பழுப்புச் சாயல் கொண்ட கறுப்பு, விரலில் ஒட்டாது, கத்தியால் கீற முடியாது. ஹாஸ்மனைட் என்றால் கோடு நன்றாகவே செம்பழுப்பாக இருக்கும். ஜேக்கப்சைட் இருந்தால் காந்தம் சொல்லிவிடும். இவற்றுக்கு மேல் ஐயம் வந்தால் எக்ஸ்-கதிர்தான்.

மலைத்தேன்

நான் கற்கள் சேகரிப்பவன், படிப்பு இல்லை. என்னிடம் இருக்கும் இளஞ்சிவப்புக் கல் ரோடோனைட்டா ரோடோக்ரோசைட்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மேலே கறுப்பு நரம்புகள் ஓடுகின்றன.

வேதிக்காரி

கத்தி முனையால் கீறுங்கள். ரோடோக்ரோசைட் கீறும், ரோடோனைட் கீறாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை லேசாகச் சூடாக்கி ஒரு துளி விட்டால் ரோடோக்ரோசைட் நுரைக்கும், ரோடோனைட் சும்மா இருக்கும். கறுப்பு நரம்பின் மீது மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு துளி விட்டுப் பாருங்கள். மாங்கனீசு ஆக்சைடாக இருந்தால் துளி பொங்கிக் கொதிப்பதுபோல் குமிழியிடும். பெராக்சைடு சிதைந்து ஆக்சிஜன் வெளியேறுகிறது, ஆக்சைடு வினையூக்கியாக நிற்கிறது.

கல்லை அறுக்கும் எண்ணம் இருந்தால் தண்ணீர் ஊற்றி மட்டும் அறுங்கள். மாங்கனீசுத் தூள் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். 1837-லேயே ஸ்காட்லாந்தில் மாங்கனீசு ஈராக்சைடு அரைத்த தொழிலாளர்களின் நடை தளர்ந்ததை ஜான் கூப்பர் என்ற மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார்.

பாறைநோக்கி

ரோடோனைட் என்று உறுதியானாலும் அது பைராக்ஸ்மாங்கைட்டாக இருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சிலிக்கேட் சங்கிலி ஒன்றில் ஐந்து அலகுக்கு ஒருமுறை திரும்புகிறது, மற்றொன்றில் ஏழுக்கு ஒருமுறை. கால்சியம் சேர்ந்தால் ரோடோனைட்டுக்குச் சாதகம், அழுத்தம் கூடினால் பைராக்ஸ்மாங்கைட்டுக்கு. வீட்டில் இருந்துகொண்டு தீர்க்க முடியாது. அலமாரியில் ரோடோனைட் என்றே எழுதி வையுங்கள், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

சிலம்பன்

வாய்மொழித் தேர்வில் ஒவ்வோர் ஆண்டும் வரும் கேள்வி ஒன்று: தாதுவுக்குத் தாய் கோண்டைட்டா? ஃபெர்மர் அப்படிச் சொன்னதாகவும் பின்னால் மறுக்கப்பட்டதாகவும் குறிப்பேட்டில் இருக்கிறது. காரணம் எழுதியிருக்கவில்லை.

பாறைநோக்கி

காரணம் இல்லாத குறிப்பேடுகளால்தான் இந்தத் துறை இப்படி இருக்கிறது.

லூயிஸ் லீ ஃபெர்மர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்தவர், 1930-களில் அதன் இயக்குநரும் ஆனார். நாட்டின் மாங்கனீசுத் தாது பற்றி 1909-ல் அவர் எழுதிய பேரறிக்கை இன்றும் நின்று பேசுகிறது. கோண்டைட் என்று அந்தப் பகுதியின் கோண்டு மக்களை நினைத்துப் பெயர் வைத்தவர் அவர்தான். ஜாபுவா மாவட்டத்துக் கஜ்லிடோங்ரியிலிருந்து ஹாலண்டைட்டும் வின்சைட்டும் அவர் கையால் வந்தவை (ஆனால் ஜாபுவா ஆரவல்லிப் பாறை, சௌசரோடு சேர்த்து எழுதிவிடாதீர்கள், மதிப்பெண் போகும்). ஹாலண்டைட்டுக்குப் பெயர் கொடுத்த தாமஸ் ஹாலண்ட், பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துச் சார்னோக்கைட் பாறையை விவரித்த அதே ஹாலண்ட்தான்.

மாங்கனீசுப் படிவுகள் உருமாறிப் பாறையாயின என்பதை ஃபெர்மர் சரியாகவே கண்டார். தாதுவின் ஒரு பகுதி மூலப் படிவிலிருந்தே வந்தது, இன்னொரு பகுதி கோண்டைட்டு சிதைந்து உண்டானது என்பது அவர் கருத்து. கோண்டைட்டு மேற்பரப்பில் கறுப்பாக மாறுவதைக் கண்ணால் பார்த்தவர் அப்படி எண்ணியதில் வியப்பில்லை. சுரங்கங்கள் ஆழமானபோது நிலைமை தெளிந்தது. மழைநீர் எட்டாத ஆழத்திலும் தாது தடித்த அடுக்காகவே போகிறது. பக்கத்துக் கார்னெட் மணிகளோ புத்தம் புதிதாக, சிதைவின் சுவடே இல்லாமல் இருக்கின்றன. சௌசர் தொகுதிக்குள் அடங்கிய மன்சர் அடுக்கின் அடி, நடு, மேல் என்று குறிப்பிட்ட தளங்களில் தாது வருகிறது, அடுக்கு மடிந்தால் அதுவும் கூடவே மடிகிறது. 1956-ல் மெக்சிகோவில் கூடிய சர்வதேச நிலவியல் மாநாட்டின் மாங்கனீசுக் கருத்தரங்கில் மத்தியப் பிரதேசப் படிவுகள் பற்றி வந்த கட்டுரையிலும், பிறகு ராயின் பணிகளிலும் இது உறுதிப்பட்டது. கோண்டைட்டு தாதுவுக்குத் தாய் அல்ல, உடன்பிறப்பு. களிமண் கலந்த பங்கு கோண்டைட்டானது, கலக்காத பங்கு தாதுவானது.

மலைத்தேன்

கோடுரைட் என்றும் ஒன்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதுவும் இந்தக் குடும்பம்தானா?

பாறைநோக்கி

கிழக்குத் தொடர்ச்சி மலை. ஆந்திரத்தின் விஜயநகரத்தை அடுத்த கோடூர் சுரங்கத்தின் பெயர். இந்தியாவில் மாங்கனீசுச் சுரங்கத் தொழில் 1892-ல் தொடங்கியதே அந்த வட்டாரத்தில்தான். பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார், அப்படைட், ஸ்பெசார்ட்டைனுக்கும் ஆண்ட்ரடைட்டுக்கும் இடைப்பட்ட கார்னெட். ஃபெர்மர் அதைத் தீப்பாறை என்றார். பின்வந்தவர்கள் சுண்ணாம்பு கலந்த மாங்கனீசுப் படிவு கிரானுலைட் தரத்தில் (மிக உயர்ந்த வெப்பம்) உருமாறி, பெக்மடைட் என்ற தீப்பாறையின் ஊடுருவலோடு கலந்ததாகப் பார்க்கிறார்கள். நானும் அந்தக் கட்சி. கோண்டலைட், கால்-சிலிக்கேட் என்ற உருமாறிய படிவுப் பாறைகளுக்கு நடுவில் அடுக்கடுக்காக வரும் பாறைக்குத் தீப்பாறைப் பட்டம் ஒட்டாது.

கரட்டுமேடு

நிறத்தில் வெப்பம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சிலம்பனின் கல்லில் கார்னெட் இருக்கிறதே. ஷிஸ்டில் கார்னெட் வந்தால் 450, 500 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று கற்றுத் தருகிறோம். அந்தக் கல்லுக்கு அதையாவது எழுதலாமா?

பாறைநோக்கி

எழுதலாகாது. நீங்கள் சொல்வது இரும்பு மிகுந்த அல்மண்டைன் கார்னெட்டுக்கு. மாங்கனீசு மிகுந்தால் கார்னெட் அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே, 400 டிகிரி வட்டாரத்தில் உருவாகிவிடும். பச்சை ஷிஸ்ட் தரப் பாலாகாட்டிலும் கோண்டைட்டு இருப்பதற்கு அதுதான் காரணம்.

சாதாரண மைக்கா ஷிஸ்டுக் கார்னெட்டிலும் இதே கதை சிறிய அளவில் எழுதப்பட்டிருக்கிறது. அறுத்து மின்னணு நுண்ஆய்வியில் விளிம்பிலிருந்து விளிம்புக்கு ஒரு கோடு ஓட்டினால், மாங்கனீசு நடுவில் உச்சம், இரு பக்கமும் சரிந்து விளிம்பில் அடிமட்டம். கார்னெட் முளைத்த உடனே சுற்றுப்புறத்தில் இருந்த மாங்கனீசை எல்லாம் உறிஞ்சிக்கொண்டது. பிறகு வளர்ந்த பகுதிக்கு மிச்சமில்லை. இதை 1966-ல் ஹாலிஸ்டர் கணக்குப் போட்டுக் காட்டினார். கோண்டைட்டில் இந்த மணி வளைவு வராது. சுற்றிலும் மாங்கனீசு கொட்டிக் கிடக்கும்போது தீர்ந்துபோக வழியேது?

கரட்டுமேடு

அப்படியானால் அந்தக் கல்லுக்கு வெப்பம் சொல்ல என்னதான் வழி?

பாறைநோக்கி

கல்லுக்குள் தேடாமல் பக்கத்துப் பாறையில் தேட வேண்டும். தாது அடுக்கை ஒட்டிய மைக்கா ஷிஸ்டில் பயோடைட், ஸ்டாரலைட், சில்லிமனைட் எது இருக்கிறது என்று பாருங்கள். வெப்பத்துக்கு அவை சாட்சி. மாங்கனீசு அடுக்கு ஆக்சிஜனுக்குச் சாட்சி. ஒருவரிடம் கேட்க வேண்டியதை இன்னொருவரிடம் கேட்பதால்தான் இந்த இழை இவ்வளவு நீண்டது.

சிலம்பன்

கல்லை நுண்ணோக்கிக்காக மெல்லிய சீவலாக வெட்ட அனுப்புவதற்கு முன் திட்டத்தை எழுதிவிடுகிறேன், தவறு இருந்தால் சொல்லுங்கள். இரண்டு பட்டையும் வரும்படி குறுக்கே ஒரு சீவல், எதிரொளிக்கும் ஒளியில் பார்க்க மெருகேற்றியது. கறுப்புப் பகுதிக்கு எக்ஸ்-கதிர். கோவாரி வாதோனாக் கல்லில் கார்பனேட் மிச்சம் இருக்கிறதா என்று அமிலச் சோதனை. களத்தில் பக்கத்து ஷிஸ்டோடு சேர்த்து மாதிரி.

சுரங்க விளக்கு

குத்தகை நிலத்துக்குள் போகும் முன் துறைத் தலைவரின் கடிதத்தோடு சுரங்க மேலாளருக்கு எழுதுங்கள். அனுமதி இல்லாமல் வாயிலைத் தாண்ட விடமாட்டார்கள். கிடைத்தால் நிலத்தடி மாதிரி கேளுங்கள். எந்த மட்டத்தில் எடுத்தது என்பதைக் கல்லின் மீதே எழுதி வாங்குங்கள், பையின் மீது அல்ல. பைகள் மாறிப்போகும்.

பாறைநோக்கி

திட்டம் சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆரஞ்சும் கறுப்பும் தொடும் கோட்டில் எபிடோட் வடிவத்தில் ஏதாவது தென்பட்டால், ஊடுருவும் ஒளியில் மேடையைச் சுழற்றிப் பாருங்கள். எலுமிச்சை மஞ்சள், ஊதா, கருஞ்சிவப்பு என்று நிறம் மாறினால் பீமான்டைட். அப்படிக் கிடைத்தால் படத்தை இங்கே போடுங்கள், கரட்டுமேடு ஐயாவும் நானும் மறுபடி ஆரம்பிப்போம்.